600 கிலோவுக்கு 12.5 மில்லிகிராம்

ஜப்பானியக் கரையோரப் பாறைகளில் கறுப்பு நிறக் கடற்பஞ்சு ஒன்று ஒட்டி வளர்கிறது. ஹாலிகோன்ட்ரியா ஒகடாய் என்பது அதன் அறிவியல் பெயர். செடிபோல அசையாமல் கிடந்தாலும் விலங்குதான். கடிக்கப் பல் கிடையாது, ஒளிய ஓடு கிடையாது, தப்பி ஓடக் காலும் கிடையாது. இப்படிப்பட்ட கடலுயிர்கள் பலவற்றுக்கு நஞ்சுதான் காவல்.

இந்தப் பஞ்சை 600 கிலோ சேகரித்து அலசிய ஹிராடா, உவேமுரா என்ற வேதியியலாளர்கள், 1986-இல் ஹாலிகோன்ட்ரின் பி என்ற சேர்மத்தை அறிவித்தார்கள். கையில் மிஞ்சியது 12.5 மில்லிகிராம். ஆனால் புற்றணுக்களை அடக்குவதில் அந்தத் துளி அசாத்திய வீரியம் காட்டியது.

செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்ல நுண்குழல்கள் என்னும் புரதக் கயிறுகள் வளர வேண்டும். கயிற்றின் நுனியில் போய் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கிறது இந்தச் சேர்மம். பிரிய முடியாத செல் மடிகிறது. உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல செல்களும் இதில் அடிபடும் என்பதால் வெள்ளணுக் குறைவு, முடி உதிர்தல் எல்லாம் கூடவே வரும்.

நியூசிலாந்துக் கடலில் வேறொரு பஞ்சை ஒரு டன் எடுத்துப் பார்த்தும் 300 மில்லிகிராம் அளவே தேறியது. கடலை வழித்தெடுத்து மருந்து செய்ய முடியாது என்பது தெளிவாகிவிட்டது. ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் குழு 1992-இல் முழு மூலக்கூறையும் ஆய்வகத்திலேயே கட்டி முடித்தது. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் அடுத்து வந்தது: அந்த ராட்சத மூலக்கூறின் ஒரு பாதியே வேலையைச் செய்கிறது! அந்தப் பாதியைச் செப்பனிட்டு எய்சாய் நிறுவனம் உருவாக்கியதுதான் எரிபுலின். அதற்கே அறுபதுக்கும் மேற்பட்ட வினைப்படிகள் தேவைப்பட்டன.

பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010-இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. பல சிகிச்சைகளைக் கடந்து வந்த 762 பெண்களிடம் நடந்த சோதனையில், எரிபுலின் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 13.1 மாதம், மற்ற சிகிச்சை பெற்றவர்களுக்கு 10.6. 'கடல் தந்த அற்புத மருந்து' என்று எழுதத் துடிப்பவர்கள் அந்த இரண்டரை மாதத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது.

கரீபியக் கடலின் சீறிப்பை உயிரி ஒன்றிலிருந்து வந்த டிராபெக்டெடின் என்ற மருந்துக்கும் ஹாலிகோன்ட்ரினுக்கு நேர்ந்த அதே தட்டுப்பாடுதான். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு டன் உயிரிகள் வேண்டும். அதற்கு வழி வேறு திசையில் திறந்தது. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, அது சுரக்கும் சேர்மத்தை எடுத்து, மிச்ச வேலையை வேதியியலாளர்கள் முடித்து மருந்தாக்குகிறார்கள்.