தானே நின்றுவிடும் கணிப்பொறி

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட கதிரவன் படங்கள் இன்று கணிப்பொறிக் கோப்புகளாகவும் உள்ளன. கோப்பொன்று எழுதப்படுகையில் கணிப்பொறி திடீரென நின்றுவிடுவதாகக் கொள்வோம். எரிச்சல் எழுவது இயல்பே. ஆயினும் கோப்புகளைக் காக்கவே அது நின்றிருக்கக்கூடும்.

இயக்க முறைமையின் உட்கருவைக் கெர்னல் என்பர். பயன்பாட்டு நிரல் ஒன்று பிழைசெய்தால் கெர்னல் அதனை மட்டும் நிறுத்தும். தன் நினைவகக் குறிப்புகளே முரண்படக் கண்டாலோ எதனையும் நம்ப இயலாது. மேலும் எழுதினால் நல்ல கோப்பும் கெடும். ஆகவே பிழையின் சுவடுகளை இயன்றவரை பதிந்துவிட்டு முழு இயக்கத்தையும் நிறுத்திவிடுகிறது. யூனிக்ஸ் வழியினர் இதற்கிட்ட பெயர் ‘பேனிக்’. பதற்றம் எனப் பொருள்படும் அப்பெயர் எனக்கு உவப்பன்று.

2024 ஜூலை 19இல் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தனர்.