கடற்கரையில் உலோகந் தேடுவார் முதற்கண் அறிய வேண்டுவன

புதையுண்ட பொருளைத் தேடிக் காணும் அவா மக்கட்கு இயல்பாய் அமைந்தது. மேனாட்டார் பலர் விடுமுறை நாட்களைக் கடற்கரையிற் கழிக்குங்கால், 'மெட்டல் டிடெக்டர்' என வழங்கும் உலோகங்காட்டுங் கருவியை மணலின்மேல் அசைத்துக்கொண்டு உலாவுவது அவ்வவாவின் விளைவேயாம். தீதற்ற விளையாட்டாகத் தோன்றும் இச்செயல், அவ்விடத்துச் சட்டத்தை அறியாதார்க்குக் குற்றமாய் முடிதலும் உண்டு. இங்கிலாந்தின் கரைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

முதலிற் கருவியின் இயல்பை நோக்குவோம். மின்னோட்டம் பெற்ற கம்பிச்சுருள் தன்னைச் சூழ மாறுகின்ற காந்தப்புலத்தை உண்டாக்கும். அப்புலத்துள் உலோகம் இருப்பின் அதன்கண்ணும் சிறு மின்னோட்டம் எழும்; அதனால் நேரும் மாறுதலைக் கருவி ஒலியால் அறிவிக்கும். 1881ஆம் ஆண்டிற் சுடப்பட்ட அமெரிக்கத் தலைவர் கார்பீல்டின் உடலிற் குண்டு தங்கிய இடத்தைக் காண அலெக்சாண்டர் கிரகாம் பெல் இம்முறையைக் கையாண்டார்; ஆயினும் வெற்றி பெற்றிலர். இரண்டாம் உலகப் போரிற் போலந்துப் படை அதிகாரி ஜோசப் கொசாட்ஸ்கி அமைத்த கருவி, நிலத்திற் புதைத்த கண்ணிவெடிகளைக் கண்டறியப் பயன்பட்டது. எனினும் இக்கருவி 'உலோகம் உண்டு' என்று கூறுமேயன்றி, 'அஃது இன்னாருடையது' என்று கூறாது. அதனைக் கூறுவது சட்டமே. ஆதலின் தேடப் புகுவோன் மூன்று வினாக்கட்கு விடை அறிதல் வேண்டும்.

முதல் வினா, மணல் யாருடையது என்பது. கடற்கரை பொதுவிடம் என்று எண்ணுதல் பிழை. இங்கிலாந்தில் அலையேற்ற எல்லைக்கும் வற்று எல்லைக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஏறக்குறையப் பாதி, 'கிரௌன் எஸ்டேட்' எனும் அரசுடைமை நிறுவனத்தின் பொறுப்பிலுள்ளது. அந்நிறுவனம் சில கட்டுப்பாடுகளுடன் பொதுவாக இசைவு அளித்துள்ளது. எஞ்சிய பகுதி நகரசபைகள், பெருநிலக்கிழார் முதலியோர்க்கு உரியது; அவர்தம் இசைவைத் தனியே பெறல் வேண்டும். மேலும், பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் இசைவின்றி இக்கருவியைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

இரண்டாம் வினா, கிடைத்த பொருள் எத்தகையது என்பது. நேற்றுக் குளித்தவர் இழந்த மோதிரம் இன்றும் அவருடையதே; உடையவரைத் தேடாது வைத்துக்கொள்வது திருட்டாகக் கருதப்படலாம். முந்நூறாண்டுக்கு மேற்பட்டதும், நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் பொன் அல்லது வெள்ளி கொண்டதுமாகிய அணிகலம் போன்ற பொருள், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையலாகும். அதனை 14 நாட்களுள் 'கொரோனர்' எனும் அதிகாரிக்கு அறிவித்தல் கடன். உடைந்த கப்பலினின்று ஒதுங்கியதாயின், அதன் மதிப்பு எத்துணைச் சிறிதாயினும் 28 நாட்களுள் அதற்குரிய அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். 2007ஆம் ஆண்டு சனவரியில் டெவன் மாகாணத்துப் பிரான்ஸ்கோம் கரையில், 'நாப்போலி' என்னும் கப்பலின் சரக்குப் பெட்டிகள் ஒதுங்கின. திரண்ட மக்கள் மோட்டார் சைக்கிள்களைக்கூட உருட்டிச் சென்றனர். கரையில் ஒதுங்கியது எடுத்தவர்க்கே உரியது என்னும் அவர்தம் எண்ணம் சட்டத்திற்கு ஒவ்வாதது என்று பின்னர் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. போர்க்காலத்து வெடிகுண்டு போன்றது தென்படின், தொடாது விலகிக் கடலோரக் காவலர்க்குச் சொல்லுதலே அறிவுடைமை.

மூன்றாம் வினா, எந்நாட்டுச் சட்டம் என்பது. ஸ்காட்லாந்தில் உடையவரற்ற தொல்பொருள் யாவும், பொன்னாயினும் இரும்பாயினும், முடியரசுக்கே உரியன. அயர்லாந்துக் குடியரசில் தொல்பொருள் தேட இக்கருவியைப் பயன்படுத்துதற்கு அரசின் எழுத்துமூலமான இசைவு வேண்டும். பிரான்சிலும் அத்தகைய தேடலுக்கு அதிகாரிகளின் அனுமதி இன்றியமையாதது. ஆகவே ஒரு கரையில் ஏற்றது, குறுங்கடலொன்றைக் கடந்தவுடன் குற்றமாகிறது.

'இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு?' என்று சிலர் வினவலாம். பொருளினும் அது கிடந்த நிலையே வரலாற்றைப் பெரிதும் உணர்த்தும் என்பதே விடை. கரையினின்று விலகிய வயல் நிகழ்ச்சிகள் இரண்டு இதனைத் தெளிவாக்கும். 1992ஆம் ஆண்டில் சபோக் மாகாணத்து ஹாக்ஸ்ன் ஊரில், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடியவர்க்கு உரோமர்காலப் பொற்காசுகள் தென்பட்டன. அவர் சிறிது தோண்டியதும் நிறுத்தி அதிகாரிகட்கு அறிவித்தார். அறிஞர் முறையாக அகழ்ந்தமையால், ஏறத்தாழ 15,000 காசுகள் கிடைத்ததோடு, பொருள்கள் மரப்பேழையுள் வைக்கப்பட்டிருந்த முறையும் வெளிப்பட்டது. பரிசாக 17,50,000 பவுன் அளிக்கப்பட்டது. அதற்கு மாறாக, 2015ஆம் ஆண்டில் ஹெரபோர்டு மாகாணத்திற் கண்ட புதையலை இருவர் மறைத்து விற்கலாயினர். காசுகளிற் பெரும்பகுதி சிதறிப்போயிற்று. அவற்றோடு ஆல்பிரட் மன்னர் காலத்து வரலாற்றுச் சான்றும் சிதைந்தது. 2019ஆம் ஆண்டில் அவ்விருவரும் சிறைத்தண்டனை பெற்றனர்.

ஆதலின் பயணத்திற்குக் கருவியை எடுத்து வைக்குமுன், செல்லும் ஊரின் நகரசபைக்கேனும் நில உரிமையாளர்க்கேனும் ஒரு கடிதம் எழுதி விதிகளை அறிந்துகொள்க. தோண்டிய குழியை மறவாது மூடுக. கிடைத்ததை உரியவர்க்கு அறிவிக்க. இவற்றைக் கடைப்பிடிப்போன் வெறுங்கையோடு மீளினும் வருந்தான். பொருளோடு மீளினும் அஞ்சான்.