குளிர்காலமும் கிளியின் மேனியும்

தில்லியில் குடியேறிய தமிழர்க்கு மார்கழி பிறந்தது என்பதை அறிவிக்கப் பஞ்சாங்கம் வேண்டுவதில்லை. குதிகால் வெடிக்கும், உதடு வறளும், ஊரில் நீராக நிற்கும் தேங்காய் எண்ணெய் இங்கே புட்டிக்குள் வெண்மெழுகாய் உறைந்துவிடும். அதை வெயிலில் வைத்து உருக்கிக் கை கால்களில் தடவிக்கொள்வது நம் இல்லங்களில் அன்றாடக் கடமை. மனிதர்க்கு இது சரி. கூண்டிலுள்ள கிளிக்கும் இதுவே மருந்தாகுமா என்று சங்கத்து அன்பர் இருவர் அண்மையில் நம்மை வினவினர். நாம் பட்ட பாட்டையே அவர்களுக்கு விடையாகச் சொல்ல எண்ணினோம்.

நம் இல்லத்தில் இருப்பது முத்து என்னும் காக்கட்டீல். ஆஸ்திரேலிய நாட்டுக் கிளியினம். சாம்பல் மேனி, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. எடை 100 கிராம்கூட இராது. பச்சைக்கிளி வளர்த்தால் என்ன என்று கேட்போர் உண்டு. கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டிலிட்டு வளர்ப்பதும் குற்றம். காய்கறிக் கூடைக்குள் ஒளித்துக் கடத்திய கிளிக்குஞ்சுகளைப் பார்சல் அலுவலகத்தில் ஒருமுறை நாமே கண்டோம். பாதிக்கு உயிரில்லை. அதைக் கண்டவர்க்குச் சட்டம் எதற்கு என்ற ஐயம் எழாது.

சென்ற ஆண்டு மார்கழியில் முத்து ஓயாமல் உடலைக் கோதிக்கொண்டிருந்தது. கூண்டின் அடியில் வெள்ளைத் தூளும் செதிலும் உதிர்ந்து கிடந்தன. ஊரிலிருந்து வந்திருந்த நம் அன்னையார் இதைக் கண்டு மிகவும் விசனப்பட்டார். "ஏம்ப்பா, என் கால் மாதிரியே இதுக்கும் தோலு காஞ்சு கிடக்கு. வாயில்லாச் சீவன், கேக்கத் தெரியல" என்றார். நாம் செவிகொடுக்காமல் பணிக்குப் போய்விட்டோம். பிழை அங்கேதான் தொடங்கிற்று. அன்று சனிக்கிழமை. எட்டு வயதுப் பெண் துவாலையில் பறவையைப் பற்றிக்கொள்ள, பாட்டி கழுத்திலும் முதுகிலும் உருக்கிய எண்ணெயை நன்றாகத் தேய்த்துவிட்டார்.

இரவு பத்து மணிக்கு நாம் வீடு திரும்பியபோது முத்து கிளையில் இல்லை. கூண்டின் தரையில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. சிறகுகள் நனைந்த பஞ்சுபோல் ஒட்டிப்போய் இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. வெளியே குளிர் ஐந்து டிகிரி. கூண்டைப் போர்வையால் மூடி, அருகே மின்விளக்கை ஏற்றிவைத்து, விடியும்வரை காத்திருந்தோம். குழந்தை உறங்கவில்லை. அன்னையார் உண்ணவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை.

காலையில் கால்நடை மருத்துவர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நீர்மத்தைச் சில துளி கலந்து, தேய்க்காமல் இறகின் போக்கிலேயே இருமுறை அலசி, வெப்பமான பெட்டியில் வைத்து உலர்த்தினார். பின்னர் அவர் விளக்கியது இது. பறவையின் உடல் வெப்பம் 40 டிகிரிக்கும் மேல். மெல்லிய இறகுகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றே அவ்வெப்பத்தைக் காக்கும் கம்பளி. எண்ணெய் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொள்ளும்; காற்று நீங்கும்; குளிர் நேராகத் தோலைத் தாக்கும். போதாக்குறைக்கு, பறவை அந்த எண்ணெயை அலகால் கோதி விழுங்கவும் செய்யும். தேங்காய், நல்லெண்ணெய், ஆலிவ், பாதாம் எதுவாயினும் இதே கதிதான். வேண்டிய எண்ணெயை இயற்கையே கொடுத்திருக்கிறது: வாலின் அடியில், முதுகுப்புறம், ஒரு சிறு சுரப்பி. அதிலிருந்து அலகால் தொட்டு மேனியெங்கும் பூசிக்கொள்ளும்.

அப்படியானால் அந்த வெள்ளைத் தூள்? அதில் பெரும்பகுதி நோயே அன்று. காக்கட்டீலுக்குத் தூளாக உதிரும் இறகுகள் இயல்பாகவே உண்டு. புதிய இறகு முளைக்கையில் அதன் உறையும் செதிலாய் உதிரும். எஞ்சியதற்குக் காரணம் நம் அறையின் ஹீட்டர். இரவெல்லாம் எரிந்து காற்றை வறட்டிவிட்டது. மற்றொரு காரணம் உணவு. சூரியகாந்தி விதையை மட்டுமே கொடுத்து வந்தோம். அதில் எண்ணெய் ஏராளம், வைட்டமின் ஏ மிகச் சொற்பம்; அச்சத்துக் குறைந்தால் தோல் வறளும்.

இப்போது விதையைக் குறைத்து, துருவிய காரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி, கரோல் பாக் கடையில் கிடைக்கும் நாளில் முருங்கைக்கீரை ஆகியவற்றைக் கொடுக்கிறோம். நண்பகல் வெயிலில் வெதுவெதுப்பான வெறும் நீரைப் பனிபோல் தெளிக்கிறோம். மாலைக்குள் நன்றாக உலர்ந்துவிட வேண்டும் என்பதால் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தெளிப்பதில்லை. ஹீட்டரை விட்டு விலக்கிக் கூண்டை வைத்து, அறையில் அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி வைக்கிறோம். பறவைக்கு எட்டாமல் வைப்பது முக்கியம். சொட்டை விழுந்தாலும், இரத்தம் கசிந்தாலும், இறகைப் பிடுங்கிக்கொண்டாலும் வீட்டு வைத்தியம் உதவாது. பேன், பூஞ்சை முதலியவற்றை மருத்துவர்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார்: கரி அங்கீட்டியின் புகையும், அளவு மீறிக் காய்ந்த நான்ஸ்டிக் தவாவின் ஆவியும் சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நம் வீட்டுத் தோசைக்கல் இப்போது பழையபடி இரும்பு.

முத்து மீண்டும் சீட்டியடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை கூண்டின் அருகே செல்லாதிருந்த அன்னையார், பத்தாம் நாள் நீர் தெளிக்கும் புட்டியைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். பொங்கல் கழிந்து ஊருக்குப் புறப்பட்டவர், வாரந்தோறும் தொலைபேசியில் முதலில் கேட்பது, "இன்னிக்கு வெயில் வந்துச்சா, தண்ணி தெளிச்சியா?" என்பதே.