புயலைச் சொன்னார்கள், மழையைச் சொன்னார்களா?

2021 நவம்பர் 18. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வட தமிழகக் கரையை நெருங்கியது. சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. தெற்கு ஆந்திரத்துக்கும் ராயலசீமைக்கும் அதிகனமழை எச்சரிக்கை. அன்று சென்னை தப்பியது. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி வெள்ளக்காடானது. திருமலைப் பாதைகள் மூடப்பட்டன, ஸ்வர்ணமுகி கரைபுரண்டது. மறுநாள் பக்கத்துக் கடப்பா மாவட்டத்தில், செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்தது.

எச்சரிக்கை வந்தும் அரசு அலட்சியமாக இருந்ததாக அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் சந்திரபாபு நாயுடு குற்றம்சாட்டி, நீதி விசாரணை கேட்டார். அணையால் விநாடிக்கு 2.17 லட்சம் கன அடிதான் வெளியேற்ற முடியும், வந்ததோ 3.2 லட்சம் என்றது அப்போதைய முதல்வர் ஜெகனின் அரசு. ஒரு மதகு இயங்கவில்லை என்று மாநிலங்களவையில் சொன்னார் மத்திய அமைச்சர் ஷெகாவத்.

ஆந்திரத்தில் வானிலைத் துறை தப்பியது, தமிழகத்தில் மாட்டிக்கொண்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. டிசம்பர் 12-லேயே முன்னறிவிப்பு தரப்பட்டது என்றார் மத்திய அமைச்சர் நிர்மலா சீதாராமன். இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லை என்றது தமிழக அரசு. இருவருக்கும் இடம் கொடுத்தது துறையின் அளவுகோல்தான். 20.4 செ.மீ.யைத் தாண்டினால் 'அதிகனமழை'. அதற்கு மேல்வரம்பு கிடையாது. 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும் அதில் ஒன்றுதான்.

புயலின் பாதையைக் கணிப்பது இப்போது ஓரளவு கைவந்த கலை. 24 மணி நேரத்துக்கு முந்தைய கணிப்பில் சராசரிப் பிழை 100 கி.மீ.க்கும் குறைவு. ஆனால் சென்னையிலிருந்து திருப்பதியே நேர்க்கோட்டில் சுமார் 110 கி.மீ.தான்! மழையின் அளவோ அதைவிடச் சிக்கலானது. ஈரக்காற்று சேஷாசல மலையில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, கொட்டுகிறது. எந்தச் சரிவில் எவ்வளவு கொட்டும் என்பதைச் சில கி.மீ. அகல மேகங்களே தீர்மானிக்கின்றன. அன்றைய உலகளாவிய கணினி மாதிரி நிலத்தை ஏறக்குறைய 12 கி.மீ. கட்டங்களாகத்தான் பார்த்தது. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பில் அது 6 கி.மீ.

மழையைச் சொல்வது வானிலைத் துறை, மதகைத் திறப்பது நீர்ப்பாசனத் துறை, ஊரைக் காலி செய்வது வருவாய்த் துறை. எங்கே தவறியது என்று பார்க்காமல் 'கணிப்பு சரியா, தப்பா' என்று மட்டும் மோதுவது வீண். பெய்த மழைக்கு மழைமானியும், திறந்த மதகுக்கு அணைப் பதிவேடும் சாட்சி. எச்சரிக்கை வந்த நேரத்தோடு அவற்றையும் உடனுக்குடன் வெளியிட்டால், பாதி வாதம் மேடை ஏறாது.