முகத்துவாரம் இழந்த ஆறு

லண்டனில் கிளார்க்கன்வெல் பகுதியின் ரே தெருவில், ஒரு மதுக்கடை வாசலில் இரும்புக் கம்பி மூடி ஒன்று இருக்கிறது. சந்தடி அடங்கிய வேளையில் குனிந்து காதைக் கொடுத்தால், கீழே நீர் ஓடுவது கேட்கும். அது ஃபிளீட் ஆறு.

1666 பெருந்தீக்குப் பிறகு அதன் கீழ்ப்பகுதியை அகலமான கால்வாயாக வெட்டிப் படகு விட்டார்கள். சேறும் குப்பையும் நிறைந்தன, படகுகள் குறைந்தன. 1730களில் ஒரு பகுதியை மூடி மேலே சந்தை வைத்தார்கள். 1760களில் தேம்ஸ் வரை மூடிவிட்டார்கள். படகு போன தடத்தில் இன்று பேருந்து போகிறது.

மூடப்பட்ட ஃபிளீட் சாக்கடையாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய லண்டன் சாக்கடைகளுக்குள் பிழைப்புக்காக இறங்கியவர்களை 'டோஷர்' என்றார்கள். தேம்ஸில் நீர் வற்றும் நேரம் பார்த்து, மார்பில் விளக்கைக் கட்டி, ஏழெட்டு அடிக் கழியால் சேற்றைத் துழாவி நாணயமும் கரண்டியும் பழைய இரும்பும் எடுத்தார்கள். நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை கிடைத்ததாக அக்காலப் பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ எழுதியிருக்கிறார். அன்றைய கூலித் தொழிலாளிக்கு அது பெரிய தொகை. இன்று இறங்குகிறவர்கள் தலைவிளக்கும் கேமராவும் கொண்டு போகிறார்கள். எடுத்து வருவது செங்கல் வளைவுகளின் படங்களை. அனுமதியின்றி நுழையத் தடை அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நச்சுவாயுவும் திடீர் மழை வெள்ளமும் இரு காலத்தாருக்கும் ஒன்றுதான்.

பெரிய மாற்றம் ஆற்றின் போக்கில்தான் நேர்ந்தது. தேம்ஸின் கழிவு ஊரையே நாறடித்த 1858இன் பெருநாற்றத்துக்குப் பின் பொறியாளர் பேசல்ஜெட் கட்டிய குறுக்குச் சாக்கடைகள் ஃபிளீட்டை வழியிலேயே மறித்துக் கிழக்கே திருப்பின. மழை மிகுந்த நாளில் மட்டும் அது பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தடியில் தேம்ஸைத் தொட்டது, கழிவோடு கலந்து. 2025இல் முழுமையாக இணைக்கப்பட்ட 25 கிலோமீட்டர் டைட்வே கழிவுநீர்ச் சுரங்கம் அந்த மழைப்பெருக்கிலும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கிறது. தேம்ஸ் தூய்மையாகிறது, வேண்டிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தூய்மைக்காக ஃபிளீட் தன் முகத்துவாரத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. பொறியாளர் வரைபடத்தில் அதன் பெயர் ஒரு சாக்கடையின் பெயர்.

ஊற்றுகள் மட்டும் வற்றவில்லை. ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தின் குளங்களில் அந்த நீர் இன்னும் வெயிலில் கிடக்கிறது. மக்கள் அதில் நீந்துகிறார்கள்.