முதுமையில் எவ்வளவு சர்க்கரை சரியான அளவு?

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்கு அது பெரிதும் நம்பியிருப்பது ரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸை. போதிய அளவு சேமித்துவைக்க மூளையில் இடமில்லாததால், வரத்து குறைந்த சில நிமிடங்களிலேயே சிந்தனை தடுமாறத் தொடங்குகிறது.

மிகுசர்க்கரையின் கேடு மெதுவானது. ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத சர்க்கரை மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பழுதாக்குகிறது. நீரிழிவு உள்ள முதியோருக்கு டிமென்ஷியா, அதாவது அன்றாட வாழ்வையே குலைக்கும் அளவுக்கு நினைவும் அறிவாற்றலும் தேயும் நிலை, வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்வு 1999இல் தெரிவித்தது.

அப்படியானால் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் நினைவு காக்கப்படும் என்று தோன்றும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'அக்கார்டு' ஆய்வு இதைச் சோதித்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை ஒரு பிரிவினருக்கு 6 விழுக்காட்டுக்குக் கீழும், மற்றவருக்கு 7 முதல் 7.9 வரையிலும் வைக்க முயன்றபோது, இறுக்கமான பிரிவில் இறப்புகள் கூடியதால் அச்சிகிச்சை 2008இல் நிறுத்தப்பட்டது. 40 மாத முடிவில் அப்பிரிவினரின் மூளைச் சுருக்கம் சற்றுக் குறைந்திருந்தும், அறிவாற்றல் தேர்வுகளில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை.

இறுக்கத்தின் மறுபக்கம் தாழ்சர்க்கரை. வட கலிஃபோர்னியாவில் 16,667 நீரிழிவு முதியோரை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வின்படி, மருத்துவமனை செல்லுமளவுக்குத் தாழ்சர்க்கரை மூன்று முறையோ அதற்கு மேலோ நேர்ந்தவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. இத்தொடர்பு இரு திசையிலும் இயங்குகிறது. மறதி மிகுந்தவர் சாப்பிட மறந்து மாத்திரையை மட்டும் போடுவார், அல்லது போட்டதையே மீண்டும் போடுவார். இளையோருக்கு எச்சரிக்கையாக வரும் வியர்வையும் நடுக்கமும் முதியோரிடம் மங்கிவிடுவதால், குழப்பமே முதல் அறிகுறியாகி, வயதின் தடுமாற்றம் என்று எளிதில் ஒதுக்கப்படுகிறது. பரிசோதனைத் தாளில் எண் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு நிம்மதி கொள்ளும் வீட்டாரின் வழக்கம் இங்கே ஆபத்தானது.

இதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், நலமாக உள்ள முதியவருக்கு எச்பிஏ1சி 7 முதல் 7.5 விழுக்காட்டுக்குள்ளும், பல நோய்களோ நினைவுக் குறைவோ உள்ளவருக்கு 8க்குள்ளும் இருந்தால் போதும் என்கிறது. உடலில் நெடுநேரம் செயல்பட்டுச் சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை, குறிப்பாகச் சிறுநீரகம் தளர்ந்த முதியோருக்கு, மருத்துவர்கள் தவிர்க்க முனைவதும் இதே காரணத்தால்தான்.