இதயச் சுவரில் துளை: எதைக் கதீட்டர் வழியே மூடலாம்?

பிள்ளையின் இதயத்தில் துளை இருப்பதை அறிந்ததும் பெற்றோர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "நெஞ்சைத் திறக்காமல் மூட முடியாதா?" பலருக்கு முடியும், சிலருக்கு முடியாது. துளையின் அளவோடு, அது அமைந்த இடமும் அதைச் சுற்றியுள்ள விளிம்புமே அதை முடிவு செய்கின்றன.

இதயத்தின் மேலறைகள் இரண்டையும் பிரிக்கும் சுவரில் துளை இருந்தால், இடப்புற இரத்தத்தின் ஒரு பகுதி வலப்புறம் பாய்ந்து, நுரையீரலுக்குத் தேவைக்கு மேல் செல்கிறது. சிறிய துளைகள் பல தாமே மூடிக்கொள்ளும். பெரிய துளையோ பல ஆண்டுகள் அறிகுறி காட்டாதிருக்கலாம். ஆயினும் வலப்புற அறைகள் மெல்ல விரிவடையும். நடுவயதில் மூச்சிரைப்பும் ஒழுங்கற்ற துடிப்பும் தோன்றலாம். நுரையீரல் இரத்த அழுத்தம் மீளாத அளவுக்கு உயர்ந்துவிட்டால், துளையை மூடுவதே தீங்காகிவிடும். ஆகவேதான், குழந்தை ஓடியாடி விளையாடும் காலத்திலேயே சிகிச்சையை வலியுறுத்துகிறோம்.

1929இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன், தம் கைச்சிரை வழியே மெல்லிய குழாயொன்றைத் தம் இதயம்வரை செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். நோயறிய உதவிய அப்பாதையே பின்னர் சிகிச்சைக்கும் பயன்பட்டது. மேலறைத் துளையை அவ்வழியே மூடியதை அமெரிக்க மருத்துவர்களான கிங்கும் மில்ஸும் 1976இல் வெளியிட்டனர்.

இன்று பெரிதும் பயன்படும் கருவி, நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியால் பின்னிய இரட்டைத் தட்டு. இழுத்தால் நீண்டு குழாய்க்குள் அடங்கும். வெளியே வந்ததும் பழைய வடிவை அடையும். தொடைச்சிரை வழியே அதைக் கொண்டுசென்று, சுவரின் இருபுறமும் ஒவ்வொரு தட்டாக விரிக்கிறோம். எக்கோவில் பொருத்தம் சரியில்லையெனில், கம்பியிலிருந்து விடுவிக்கும் முன் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம்.

தட்டுகள் பற்றி நிற்கப் போதிய விளிம்பு வேண்டும். சுவரின் நடுப்பகுதித் துளைகளில் பெரும்பாலும் அது கிடைக்கும். வால்வுகளை ஒட்டியோ பெருஞ்சிரைகளின் வாயிலிலோ உள்ள துளைகளுக்கு அறுவை சிகிச்சையே தக்கது. அதைப் பரிந்துரைப்பதால் நோய் முற்றிவிட்டதெனப் பொருளில்லை.

கதீட்டர் சிகிச்சையிலும் ஆபத்து அறவே இல்லையென்று கூற இயலாது. கருவி இடம்பெயர்தல், இதயச் சுவரை அரித்தல் ஆகியவை அரிதாக நேரக்கூடும். நிக்கல் ஒவ்வாமை இருப்பின் முன்னரே தெரிவியுங்கள்.

கருவியின்மேல் திசு படர்ந்து மூடச் சில மாதங்கள் ஆகும். வழக்கமாக ஆறு மாதங்களுக்கு ஆஸ்பிரின் தருகிறோம். எங்களைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். அக்காலத்தில் பல் சிகிச்சைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் கருவியைப் பற்றிச் சொல்லுங்கள். தொற்றைத் தடுக்க மருந்து தேவைப்படும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், நீடித்த காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.